ஆசிரியர் முன் அமரும் சில நிமிடங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கற்றறிந்த பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர் கல்வியைப் பற்றிப் பேசுவது துணிச்சலே. ஆயினும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னும் தகுதி ஒன்று எங்களுக்கும் உண்டு. அதனைக் கொண்டே, பள்ளிகளில் நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

கரக்பூரில் வாழும் நம் பிள்ளைகளின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டிலே தமிழ், தெருவிலே வங்காளமும் தெலுங்கும் இந்தியும், பள்ளியிலே ஆங்கிலம். வகுப்பறையில் பிள்ளை எவ்வாறு இருக்கிறது என்பதை நாம் அறியோம். வீட்டில் எவ்வாறு இருக்கிறது என்பதை ஆசிரியர் அறியார். இவ்விரு பாதிகளும் ஒன்று சேரும் இடமே அச்சந்திப்பு. அங்கே நாம் செய்வது என்ன? மதிப்பெண் அட்டையில் கையொப்பம் இடுகின்றோம், ஆசிரியர் கூறுவதற்கெல்லாம் தலையசைக்கின்றோம், திரும்பிவிடுகின்றோம். நம் இந்தி பிழைபட்டுவிடுமோ, நம் படிப்புக் குறைவு வெளிப்பட்டுவிடுமோ என்னும் கூச்சமே நம் வாயை அடைக்கின்றது.

நாங்களும் அவ்வாறே ஓராண்டை வீணாக்கினோம். அப்போது எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் படித்து வந்தாள். "வகுப்பில் வாய் திறப்பதில்லை, பாடத்தில் நாட்டமில்லை" என்றார் ஆசிரியை. கேட்டுக்கொண்டு வந்தோம். மறு சந்திப்பில், "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள், அப்போதுதான் முன்னேறுவாள்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ஆனால் அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. தமிழன்றி வேறொரு மொழியும் அறியாத பாட்டி எங்கள் வீட்டில் இருக்கிறார். தமிழை நிறுத்தினால் பேத்தியும் பாட்டியும் எம்மொழியில் பேசிக்கொள்வர்?

உண்மையில், வகுப்பில் வாய் திறவாத அதே பெண், மாலைதோறும் குவார்ட்டர்ஸ் வாயிற்படியில் தம்பியை உட்கார வைத்து, அன்று நடந்த பாடம் முழுவதையும் தமிழில் ஒப்புவிப்பது வழக்கம். இதனை நாங்கள் அறிவோம், ஆசிரியை அறியார். அறிவித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள், அறிவித்தோம் இல்லை.

ஒரு வாரம் சென்றபின், அனுமதி கேட்டு மீண்டும் சென்றோம். இம்முறை வீட்டு அம்மாளே தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அதனை எடுத்துக் கூறினார். ஆசிரியை வியப்புற்றார். பாடம் புரியாமல் அன்று, பிழையாகப் பேசிவிடுவோமோ என்னும் அச்சத்தாலேயே குழந்தை மௌனமாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் இரு தரப்பாருக்கும் விளங்கிற்று. கடைசி பெஞ்சிலிருந்து அவளை முன்னே அமர்த்தினார். மறுநாள் கேட்கப்போகும் கேள்வியை முதல் நாளே சொல்லி அனுப்பினார். இரண்டு திங்களில் அவள் வாய் திறந்தாள். இன்றும் அவள் வகுப்பில் முதல் மாணவி அல்லள். ஆயினும் கையை உயர்த்துகின்றாள். பாட்டியோடு தமிழும் பேசுகின்றாள்.

நண்பர்களே! இதிலிருந்து நாங்கள் கற்றவற்றைக் கூறுகின்றோம்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எனக் கொள்வோம். ஒவ்வொருவர் பெற்றோருக்கும் பத்து நிமிடம் என்றால் நானூறு நிமிடம், ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். ஆதலின் நமக்குக் கிட்டுவது அதனினும் குறைவே. முதல் நாள் இரவே பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், "பள்ளியில் எது உனக்குக் கடினம்?" என்று பிள்ளையையே கேளுங்கள். பின்னர் ஒரு துண்டுத் தாளில் மூன்றே செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்றதும், வீட்டில் நீங்கள் கண்டதை முதலில் கூறுங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றே விடை வரும். "எந்த இடத்தில் தடுமாறுகிறான்? வீட்டில் நாள்தோறும் கால் மணி நேரம் நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பிறர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஆசிரியர் எதிரே பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். வீடு திரும்பியதும் ஆசிரியர் கூறிய நல்ல சொல்லை முதலில் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒரு திங்கள் கழித்து, முன்னேற்றம் உண்டா என ஆசிரியரை மீண்டும் கேளுங்கள்.

கேட்பதற்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆவது பிரிவில், பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, இயலுமிடத்தெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையிலாவது வீட்டு மொழியே பயிற்று மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஆகவே தாய்மொழி பிள்ளையின் காலில் இட்ட விலங்கு அன்று. அறிவுக்கு முதற்படி என்று தலைநிமிர்ந்து கூறலாம்.

ரயில்வேயில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அடுத்த நிலையத்தாரிடம் லைன் கிளியர் பெற்றே நிலைய அதிகாரி வண்டியை அனுப்பும் முறை அது. வண்டிக்கே அவ்வளவு கவனம் என்றால், நம் குழந்தை நாள்தோறும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே சென்று வருகின்றதே! இரு நிலையத்தாரும் பேசிக்கொள்ள வேண்டாமா?

அடுத்த சந்திப்புக்குக் கூச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, துண்டுத் தாளோடு செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றோம்.