கணிதப் பட்டமும் பாடங்களின் வரிசையும்



பால்மரக் கன்றை நட்டவுடன் எவரும் அதில் உளியை வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் வளர்த்து, மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஆன பிறகே வெட்டத் தொடங்குகிறோம். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

நம்மிடம் படித்த ஒரு மாணவி, பால்வெட்டுத் தொழிலாளியின் மகள், கணிதப் பட்டம் படிக்கச் சென்றாள். முதலாண்டில் நேரியல் இயற்கணிதம் கடினமாக இருக்கும் என்று பயந்து நம்மிடம் கேட்டாள். "எளிய பாடங்களை முதலில் முடித்துவிடம்மா, அதைப் பிறகு பார்க்கலாம்" என்றோம். பயிற்சிக் கல்லூரியில் படித்த நமக்குப் பல்கலைக்கழக முறை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவள் எடுக்க வேண்டிய இரண்டு பாடங்களுக்கு அதுவே முன்பாடமாக இருந்தது. அங்கே அது ஆண்டுக்கு ஒரு முறைதான் நடந்தது. ஓராண்டு தள்ளிப்போயிற்று. தம்பியின் படிப்புக்கென்று தாயார் சேர்த்த சீட்டுப் பணம் அந்த ஓராண்டுக்குச் செலவாயிற்று. அந்தத் தவற்றில் நமக்கும் பங்குண்டு. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

கணிதப் பாடங்கள் படிக்கட்டுப் போன்றவை. முதலாண்டில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், தருக்கமும் கணங்களும் வரும். இவற்றின்மேல் பன்மாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு ஆகியவை நிற்கும். அதற்கும் மேலே மெய்ப் பகுப்பாய்வும், குலம், வளையம் பற்றிய இயற்கணிதமும் வரும்.

இந்த மேற்படிகளில் கணக்குப் போடுவதைவிட நிரூபிப்பதே பெரிய வேலை. இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும் என்பதைப் பள்ளியில் 3, 5 என்று கூட்டிப் பார்த்து நம்புகிறோம். அங்கே எல்லா எண்களுக்கும் காட்ட வேண்டும். ஒற்றை எண் என்பது ஓர் இரட்டை எண்ணோடு ஒன்றைச் சேர்த்தது. அத்தகைய இரண்டைக் கூட்டினால், மிஞ்சி நிற்கும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்து இரண்டாகிவிடும். எனவே விடை இரட்டையே. இவ்வாறு எழுதிப் பழகாமல் பகுப்பாய்வு வகுப்பில் உட்காரும் பிள்ளை தடுமாறும். எஸ்.டி.பி.எம். தேர்வில் கணிதத்தில் 'ஏ' பெற்ற பிள்ளையும் தடுமாறலாம். அது அறிவுக் குறைவன்று, பழக்கக் குறைவு.

அடுத்தது, பளுவின் அளவு. நம் நாட்டில் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்து 40 மணி நேர உழைப்பு. எட்டுப் பருவத்தில் முடிப்பதென்றால் பருவத்துக்கு 15 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். தேர்வுக் காலத்தையும் சேர்த்துப் பருவத்தை 18 வாரம் என்று கொண்டால், வாரத்துக்கு 33 மணி நேரம் ஆகிறது. சீக்கிரம் முடிக்கும் ஆசையில் நிரூபணம் மிகுந்த மூன்று பாடங்களை ஒரே பருவத்தில் ஏற்றிக்கொள்வது கூடாது.

ஆகவே மாணவர்களே, ஒரு தாளை எடுங்கள். இறுதியாண்டில் படிக்க விரும்பும் பாடத்தை மேலே எழுதுங்கள். அதன் முன்பாடத்தை அதற்குக் கீழே எழுதுங்கள். இப்படியே முதற்பருவம் வரை இறங்கி வாருங்கள். எந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளைக் கல்வி ஆலோசகரான விரிவுரையாளரிடம் காட்டுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பெற்றோர்களே, கணிதம் நமக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனாலும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, "அடுத்த பாடத்துக்கு எந்தப் பாடம் வேண்டும்? அதை முடித்துவிட்டாயா?" என்று கேட்க நமக்குப் பட்டம் தேவையில்லை. அந்த மாணவி பின்னர் பட்டம் பெற்றாள். தம்பி பல்கலைக்கழகம் புறப்பட்டபோது, அவனுக்கு அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.