நின்ற பின் வரும் உதிரம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



வயதான தாய்மாருக்கு வரும் கர்ப்பப்பைப் புற்றுநோய்களைக் குறித்துப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். சபைக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று சிலருக்குக் கூச்சமாயிருக்கும். அந்தக் கூச்சத்தினால்தான் பலர் எங்களிடம் தாமதித்து வருகிறார்கள். ஆகவே வெளிப்படையாகவே பேசுகிறோம்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் அது இயல்பானதல்ல. "உடம்புச் சூடு" என்றும், "மறுபடியும் தூரம் வந்துவிட்டது" என்றும் சொல்லிக்கொண்டு, மாதக்கணக்கில் பழந்துணி வைத்துச் சமாளிக்கும் பாட்டிமார் எத்தனை பேர்! மகனிடம் சொல்ல முடியாது. மருமகளிடம் சொல்ல மனம் வராது. வலிதான் இல்லையே, எதற்குச் செலவு என்பார்கள். வலி இல்லாத அந்தக் காலத்தில் வந்தால்தான் எங்களால் அதிகம் செய்ய முடியும்.

இப்படி உதிரம் கண்டு வரும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆகவே பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். ஆனால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் கண்ட வயதான பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த உதிரப்போக்கு இருந்திருக்கிறது. ஸ்கேனில் உட்சுவரின் தடிப்பை அளக்கிறோம். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மெல்லிய குழாயால் சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம். ஆரம்ப நிலையென்றால், கர்ப்பப்பையை அகற்றும் ஆபரேஷனே பெரும்பாலோரைக் குணமாக்கிவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நம் திண்டுக்கல் மாவட்டமே உலகத்துக்கு ஒரு காரியத்தைக் காட்டியது. 2000 முதல் 2003 வரை, அம்பிளிக்கை கிறிஸ்டியன் பெல்லோஷிப் சுகாதார மையத்தின் பங்கோடு, பயிற்சி பெற்ற செவிலியர் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களை, வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிப் பரிசோதித்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயினால் உண்டான மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியான முடிவு சொல்லுகிறது. ஆனால் அது 30 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கே. மாதவிலக்கு நின்றபின் பார்க்கவேண்டிய பகுதி உள்ளே சுருங்கிவிடுவதால் இந்த முறை போதாது, எச்.பி.வி. வைரஸ் சோதனையே ஏற்றது. பஞ்சு சுற்றிய குச்சியினால் அந்தப் பெண்ணே மறைவில் மாதிரி எடுத்துத் தரலாம் என்பது, கூச்சப்படும் நம் தாய்மாருக்குப் பெரிய உதவி.

சினைப்பைப் புற்றுநோய்க்கும் எல்லாருக்கும் ஸ்கேன் முகாம் நடத்தலாமே என்று சில நண்பர்கள் அன்போடு பணம் தர முன்வந்தார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற 2 லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஸ்கேனும் இரத்தச் சோதனையும் மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2021-ல் தெரியவந்தது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவை புதிதாக ஆரம்பித்து வாரக்கணக்கில் நீடித்தால், "வெறும் வாயு" என்று ஓமத்தண்ணீரோடு நிறுத்திவிடாமல் அழைத்து வாருங்கள்.

அந்தப் பணத்தை, சதைச் சோதனைக்குக் கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்காகவும், பாட்டியோடு துணைக்கு வருபவரின் பஸ் செலவுக்காகவும் ஒதுக்கித் தரும்படி கேட்கிறோம். தனியாக வரச் சொன்னால் அவர்கள் வருவதில்லை.