சந்தை ஊரின் நாளைய படத்தில் நமக்கு இடம் எங்கே?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர். தக்காளி பறித்த கறை கையில் இருக்க வந்திருப்பவர்களும் பலர். ஆகவே நீட்டி முழக்க மாட்டோம். ஒரே ஒரு விஷயத்தைப் பேசுவோம். நம் சந்தை ஊர்கள் இன்னும் இருபது வருஷத்தில் எப்படி இருக்க வேண்டும்? அதைத் தீர்மானிப்பது யார்?

"இதெல்லாம் இஞ்சினீயர்கள் சமாச்சாரம். நாம் கூலியையும் போனசையும் பேசினால் போதாதா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். போதாது. போராடி நூறு ரூபாய் கூலி உயர்வு பெறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே மூன்று மைல் தள்ளிப் போனால், அந்த நூறு ரூபாய் ஆட்டோ கூலியாகப் போய்விடும். வாடகை ஏறினால் உயர்வு முழுவதையும் வீட்டுக்காரரே வாங்கிக்கொள்வார். ஆலை வாசலில் நாம் ஜெயித்ததை ஊருக்குள் தோற்றுவிடுகிறோம். ஊர்த் திட்டமும் கூலிப் பிரச்னைதான்.

ஊரைத் தாங்குவது யார்?

ஒட்டன்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி சுமார் 30 ஆயிரம் ஜனங்கள் உள்ள சின்ன ஊர். ஆனால் அதன் காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டின் மிகப் பெரிய மார்க்கெட்டுகளில் ஒன்று. கேரளத்தின் அடுப்புகளில் வேகும் முருங்கையும் தக்காளியும் கத்திரியும் வெண்டையும் பெரும் அளவில் இங்கிருந்துதான் லாரி ஏறுகின்றன. சுற்று வட்டார ஜனங்களில் ஒரு பகுதி தோட்டத்தில் காய் பறிக்கிறது; இன்னொரு பகுதி வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பு மில்களுக்கு வேன் ஏறிப் போகிறது. பல வீடுகளில் தாய் தோட்டத்தில், மகள் மில்லில்.

இத்தகைய ஊரின் வழியாகப் பணம் ஓடுகிறது; ஆனால் ஊரில் தங்குவதில்லை. தங்குவது சேறு, அழுகிய காய், லாரிப் புகை. ஏலம் கூவுவதற்கு முன்பே எழுந்து, மூட்டையை இறக்கி, எடை போட்டு, மறுபடி லாரியில் ஏற்றுகிற சுமைத் தொழிலாளிக்கு முதுகு சாய்க்க ஓர் இடம் கிடையாது. கூடையோடு வரும் பெண்ணுக்கு, பொழுது விடிவதற்குள் ஒதுங்க ஒரு சுத்தமான கக்கூஸ் கிடையாது. எத்தனை சந்தை ஊர்களில் இதே நிலை என்று உங்களுக்கே தெரியும்.

வர்ணம் பூசும் விதம்

ஊர்த் திட்டம் என்பது என்ன? அது ஒரு வரைபடம். மாஸ்டர் பிளான் என்கிறார்கள். குடியிருப்புக்கு ஒரு வர்ணம், வியாபாரத்துக்கு ஒரு வர்ணம், தொழிலுக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று. பார்க்கக் குழந்தை விளையாட்டாகத் தோன்றும். ஆனால் இன்று விவசாய வர்ணத்தில் இருக்கும் நிலம் நாளைக்கு வியாபார வர்ணத்துக்கு மாறினால், ஒரு செங்கல்கூட வைக்காமலே அதன் விலை பல மடங்கு ஏறுகிறது. இது முன்கூட்டியே தெரிந்தவன் முன்கூட்டியே வாங்குகிறான். கிணறும் தென்னையும் இருந்த இடத்தில் வர்ணம் அடித்த கல் நட்டு மனைப்பிரிவு என்கிறான். நில உடைமையாளருக்கு விலை கிடைக்கிறது. அந்தக் காட்டில் களை எடுத்தவளுக்கு என்ன கிடைக்கிறது? வேலை போகிறது. நஷ்டஈட்டுப் பட்டியலில் அவள் பெயரே வராது.

இந்த வரைபடத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1971ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் அதன் பெயர். வரைவுத் திட்டத்தைக் கெஜட்டிலும் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். ஆட்சேபணையும் யோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பட்டா வைத்திருக்க வேண்டியதில்லை. வரி கட்ட வேண்டியதில்லை. மூட்டை தூக்குகிறவரும் எழுதலாம், மில்லில் நூல் சுற்றுகிற பெண்ணும் எழுதலாம்.

இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த சந்தர்ப்பம் எப்போது வரும்? கோயம்புத்தூருக்கு 1994இல் அங்கீகரித்த திட்டத்துக்குப் பிறகு, புதிய வரைவு வெளியானது 2024 பிப்ரவரியில். நடுவில் முப்பது வருஷம்! பெரிய நகரத்தின் கதியே இது என்றால் சின்ன ஊரின் கதியை யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்த பிழை

மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன் நம் பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சந்தை ஊரில் ரஸ்தாவை அகலப்படுத்த ஒரு நாள் விடிகாலையில் இயந்திரம் வந்தது. தரைக்கடைப் பெண்களின் பந்தல்கள் பொழுது விடிவதற்குள் குப்பையாகிவிட்டன. நாம் ஓடினோம், மறித்தோம், மனுக் கொடுத்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்த உத்தியோகஸ்தர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அந்த அறிவிப்பு இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த ஆபீஸ் வராந்தாப் பலகையிலேயே ஒட்டியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் நாம் வேறு காரியங்களுக்கு எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறோம்! ஒருவராவது தலை நிமிர்ந்து படிக்கவில்லை.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. மில் தோழர்களில் சிலர், "ரஸ்தா அகலமானால் வேன் சீக்கிரம் போகும், நல்லதுதானே" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்தக் கடைகளில் ஒன்று அதே தோழர் ஒருவருடைய தாயாரின் கடை. அகலமான ரஸ்தாவும் வேண்டும், தாயாருக்குக் கடையும் வேண்டும். இரண்டுக்கும் இடம் இருந்தது. முன்கூட்டியே சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

திருச்சியும் சென்னையும் தரும் பாடம்

கேட்காமல் திட்டம் போட்டால் சர்க்கார் பணமும் வீணாகும். திருச்சி காந்தி மார்க்கெட்டின் நெருக்கடியைத் தீர்க்க, மதுரை நெடுஞ்சாலையோரம் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் ஒரு மார்க்கெட் கட்டினார்கள். 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் போக மறுத்தார்கள். கடை சிறிது, தூரம் அதிகம் என்றார்கள். கட்டடம் வருஷக்கணக்கில் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. சிமெண்டும் கம்பியும் மட்டும் இருந்தால் சந்தை ஆகிவிடாது. ஜனங்கள் கூடினால்தான் சந்தை.

சென்னையில் 1996இல் கொத்தவால்சாவடி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அது ஓடியது, நாட்டின் பெரிய மார்க்கெட்டுகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் லாரி நிற்க இடம் வரைந்தவர்கள், மூட்டை தூக்குகிறவன் படுக்க இடம் வரைவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. கடை வாசலிலும் ஒண்டு அறைகளிலும் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! 2020 மே மாதத்தில் கொரோனா அங்கே காட்டுத்தீயாகப் பரவியது. மார்க்கெட்டை மூடினார்கள். தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் ஜில்லாக்களுக்கு ஊர் திரும்பினார்கள். நோயும் கூடவே போனது. தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போன வியாபாரம், மழை பெய்தபோது சேற்றில் நின்றது. தொழிலாளிக்கு இடம் வைக்காத திட்டம் ஊர் முழுவதையும் ஆபத்தில் தள்ளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நாம் கேட்பது என்ன?

முதலாவது, சந்தை. சந்தையை இடம் மாற்றத்தான் வேண்டும் என்றால், புதிய இடத்தைப் பற்றி விவசாயி, சுமைத் தொழிலாளி, சிறு வியாபாரி மூவரையும் கேட்க வேண்டும். புதிய இடத்தில் முதல் கட்டடம் ஓய்வறை, கக்கூஸ், குடிதண்ணீர், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்காக இருக்கட்டும். எடை மேடையில் எல்லோரும் பார்க்கும்படி தராசு இருக்கட்டும்.

தக்காளியின் கதை உங்களுக்குத் தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குச் சர்க்கார் விற்க வேண்டி வந்தது. கொஞ்ச காலத்தில் விலை விழுந்தது. விலை விழுந்த காலத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! விலை ஏறும்போது ஏழை சாப்பிடுவதில்லை. இறங்கும்போது ஏழைக்கு வேலை இல்லை. ஆகவே குளிர்பதனக் கிடங்கும், தக்காளியைக் கூழாக்கும் சாலையும் கூட்டுறவில் வேண்டும். மார்க்கெட் குப்பையிலிருந்து எருவும் எரிவாயுவும் எடுக்க வேண்டும். இவை ஊரிலேயே வேலை கொடுக்கும்.

இரண்டாவது, தரைக்கடையும் தள்ளுவண்டியும். 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் நம் கையில் இருக்கிறது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

மூன்றாவது, குடியிருப்பு. மனைப்பிரிவுகள் பெருகுகின்றன, வாங்குவதற்கு நமக்குச் சக்தியில்லை. ஊருக்குள் இருக்கும் புறம்போக்கில் தொழிலாளர் குடியிருப்புக்கு என்று இடம் ஒதுக்கி, படத்தில் குறிக்க வேண்டும். சேரியை ஊருக்கு வெளியே தள்ளும் எந்தத் திட்டமும் அபிவிருத்தி ஆகாது.

நான்காவது, தண்ணீர். மலையடிவாரத்துப் பரப்பலாறு அணை போன்ற சிறு அணைகளையும் குளங்களையும் நம்பித்தான் இந்தப் பக்கத்து விவசாயம் நிற்கிறது. குளத்து வாய்க்கால் மேல் கடை கட்டிவிட்டு, மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் என்று அழுவதில் பிரயோஜனமில்லை. வாய்க்காலும் குளமும் படத்தில் நீல வர்ணத்திலேயே இருக்க வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். வர்ணம் மாறியதால் உழைக்காமல் விலை ஏறியதே, அந்த லாபத்தில் இருந்து கேளுங்கள் என்போம். அபிவிருத்திக் கட்டணம் வசூலிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஓலைக் குடிசைக்கும் வரி போடத் தெரிந்தவர்களுக்கு, நெடுஞ்சாலையோர மாளிகைக்குக் கட்டணம் போடவா தெரியாது?

இனி என்ன செய்வது?

2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டின் நகரசபைகளில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. தனி அதிகாரிகளே ஆண்டார்கள். 1992ஆம் வருஷத்து 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைக்குரியவை என்று குறித்த 18 விஷயங்களில் முதல் விஷயமே நகர்த் திட்டம். ஆகவே இது யாரோ போடும் பிச்சை அல்ல.

நாளை காலை முதல் மூன்று காரியங்கள். ஒவ்வொரு வார்டிலும் மில்லிலிருந்து இருவர், தோட்ட வேலையிலிருந்து இருவர், மார்க்கெட்டிலிருந்து இருவர், அதில் பாதி பெண்கள் என்று ஆறு பேர் சேருங்கள். வாரம் ஒருமுறை முறை வைத்துக்கொண்டு நகரசபைப் பலகையைப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். வரைபடம் வந்ததும் நகல் கேளுங்கள். நம் தெரு, நம் சந்தை, நம் குளம் எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆட்சேபணையை சர்வே நம்பரோடு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

அந்த ஊரில் பந்தல் இழந்த ஒரு தாயார் நம்மிடம் கேட்டார்: "எழுதப் படிக்கத் தெரிஞ்ச நீங்க இத்தனை பேர் இருந்தும் அந்தக் காகிதத்தை யாரும் பாக்கலையாப்பா?" அன்று நம்மிடம் பதில் இல்லை. அடுத்த முறை இயந்திரம் வருவதற்கு முன்பே, நம் பதில் அந்த ஆபீஸ் மேஜை மேல் ரசீதோடு இருக்கட்டும்.