ரத்தம் எடுக்கும் முன் சில கேள்விகள்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'சி.ஆர்.பி.' என்று ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள்.

இதை அளக்கும் இதய நோய் ஆய்வுகளில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 3-ஐத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. ஆனால் இது சரியான தொட்டாற்சுருங்கி. நேற்று மாரத்தான் ஓடினீர்களா? ஏறும். பல் ஈறு வீங்கியிருக்கிறதா? ஏறும். பீடி, சிகரெட் பழக்கமிருந்தாலும் அப்படித்தான். தொப்பை இருக்கிறதே, அது வெறும் சதை மூட்டை இல்லை. அந்தக் கொழுப்பு 'இன்டர்லூக்கின்-6' என்ற பொருளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரலைத் தட்டி எழுப்புவது அதுதான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அளவு கூடலாம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறவருக்கோ இறங்கும்.

அதனால்தான் ஆய்வில் சேருகிறவரிடம், "போன வாரம் சளி, காய்ச்சல் உண்டா? பல்வலி? என்ன மாத்திரை?" என்று ஜாதகம் கணிப்பதுபோலக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கேட்காமல் விட்டால், ஜலதோஷக்காரர் இதய நோய்க் கணக்கில் போய் விழுவார்!

அளவு 10-ஐத் தாண்டினால், தொற்று இருக்கிறதா என்று பார்த்து, அது தணிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். 2003-ல் அமெரிக்க இதயச் சங்கம் தந்த வழிமுறை இது. மற்றவர்களுக்கும் ஒரு தடவை போதாது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, சராசரி பார்க்கச் சொன்னார்கள்.