ஒல்லாந்தமும் போடோவும்: வட்டார வழக்குகள்

கந்தோர், இலாச்சி, போஞ்சி என்னுஞ் சொற்களை இலங்கைத் தமிழர் நாடோறும் வழங்குகின்றனர். இவை ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. இவற்றுள் இலாச்சியும் போஞ்சியும் அம்மொழியின் ஒரு வட்டாரத்தையே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. 'போன்' என்னும் பயற்றின் பெயரோடு சிறுமைப்பொருள் தரும் 'ட்யெ' விகுதி சேர, அது 'போன்ட்யெ' ஆயிற்று. இவ்விகுதி வடக்கே ஹாலந்துப் பகுதியின் வழக்கு. தெற்கே பிராபந்து மக்கள் 'கெ' என முடிப்பர். அரசின் ஆணையால் 1637இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு தென்னகச் சாயலுடைய 'கென்' விகுதியையே ஆண்டது. ஆயினும் வணிகமும் செல்வமும் ஹாலந்திற் குவிந்தன; ஈற்றில் வேதநூலின் விகுதியைச் சந்தையின் விகுதி வென்றது!

போடோ மொழியின் கதை வேறு. திபெத்து-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழியைப் பேசுவோர், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி 14 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பெரும்பாலார் அசாமில் வாழ்பவர். கொக்ரஜாரைச் சூழ்ந்த மேற்கு வழக்கும், உடால்குரியைச் சார்ந்த கிழக்கு வழக்கும், தெற்கு வழக்கொன்றும் அதற்குண்டு.

சிட்னி எண்டில் என்னும் பாதிரியார் 1884இல் வெளியிட்ட இலக்கணம், தரங்கு மாவட்டத்துப் பேச்சைக் கொண்டு எழுந்தது. இன்றைய உடால்குரி அக்காலத் தரங்கின் பகுதியே. ஆகவே, அவ்விலக்கணத்தில் ஏடேறியது கிழக்கு வழக்கே. ஆனால், போடோ சாகித்திய சபை 1952இல் மேற்கிலுள்ள பாசுகாவில் தோன்றியது. 1963இல் பள்ளிக்கூடங்களிலே போடோ போதனாமொழியாயிற்று. மேற்கு வழக்கே நூல்வழக்காக நிலைபெற்றது. ஹாலந்துக்குச் சந்தை செய்ததைக் கொக்ரஜாருக்குப் பாடப்புத்தகம் செய்தது எனலாம். இதன் சுமை கிழக்கத்திச் சிறுவன் தலையில் விழுகின்றது. வீட்டிற் கேளாத உருவங்களை அவன் புத்தகத்திலே கற்கவேண்டும்.

இரண்டுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமையும் உண்டு. குரலின் ஏற்றவிறக்கத்தாற் பொருள் வேறுபடுதல் போடோ முழுவதற்கும் இயல்பு. ஒல்லாந்த நாட்டிலோ லிம்பர்க்குப் பகுதியில் மாத்திரமே அஃதுண்டு. அங்கே 'டாஹ்' என்பது ஒரு தொனியில் நாள்; மறு தொனியில் நாட்கள். லிம்பர்க்கு வழக்கு 1997இல் வட்டார மொழியென அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது. போடோ 2003இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. உரோமன் எழுத்துக்காக நிகழ்ந்த கிளர்ச்சியின் பின், 1975இல் தேவநாகரி ஏற்கப்பட்டது. அவ்வெழுத்திலே தொனியைக் காட்டச் சிறு மேற்குறியொன்று இடுவர்.