கையும் கருணையும் சொல்லும் கதை

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருப்பெயர்களையும் இலாஞ்சனங்களையும் நம் குழந்தைகள் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், "மணக்கோலத்தில் சென்ற நேமிநாதர் ஏன் துறவு பூண்டார்?" என்று வினவினால் பலர் விழிக்கின்றனர். பெயர் நெஞ்சில் நிற்கிறது, வரலாறு நிற்கவில்லை. கதையை நாம் சொல்லும் முறையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

1994ஆம் ஆண்டில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா முதலிய அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படங்களுடன் ஒரு சிறுகதை சொல்லப்பட்டது. ஒரு சாரார் கேட்டது உணர்ச்சியற்ற கதை. மற்றவர் கேட்ட கதையில், தாயுடன் சென்ற சிறுவன் விபத்துக்குள்ளாகிறான். ஒரு வாரம் கழித்து வினவியபோது, அந்த விபத்துப் பகுதியே மிகுதியாக நினைவில் நின்றது. அட்ரினலின் செயலைத் தடுக்கும் மருந்தை முன்னரே உண்டவர்க்கோ அம்மிகுதி காணப்படவில்லை. நெஞ்சம் பதைக்கும்போது நினைவும் ஆழப் பதிகிறது என்பது இதனால் விளங்கிற்று.

கையின் ஆற்றலும் சிறிதன்று. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், வகுப்பிற்கு வந்துசென்ற இசைக்கலைஞரைப் பற்றிக் குழந்தைகளிடம் கேட்டனர். "வேறு என்ன அணிந்திருந்தார்?" என்னும் வினாவோடு, தொப்பி வைப்பது போன்ற கைச்சைகையும் காட்டப்பட்டது. இல்லாத தொப்பியை இருந்ததாகச் சொன்ன குழந்தைகள் உண்டு. வாய் சொல்லாததையும் கை சொல்லிவிடுகிறது!

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். ஆதலின் இவ்வுண்மை நமக்குப் புதிதன்று.

நேமிநாதர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். தேர் செல்லும்போது கடிவாளம் பற்றுவது போல் ஒரு கை. அடைபட்ட விலங்குகளின் கதறல் எழும்போது செவியருகே குவியும் கை. "இவை மணவிருந்துக்காக" என்று தேர்ப்பாகன் சொல்லும்போது தளர்ந்து விழும் கை. பின்னர் அணிகலன்களைக் களையும் கை. இந்நான்கு அசைவுகள் போதும். குழந்தை அக்கதையை மறவாது. முடிவில் கைகள் அசைவற்றுத் தாழட்டும். போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதரின் கைகள் அவ்வாறே அமைந்திருக்கின்றன. அந்த அமைதி எத்தகைய கருணையிலிருந்து பிறந்தது என்பதைக் குழந்தை அங்கே தானே உணரும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கை பொய்யையும் பதிக்கவல்லது என்பதைக் கண்டோம். ஆகவே, சுவைக்காக இல்லாததைச் சேர்த்தல் வாய்மை விரதத்திற்கு ஒவ்வாது. நரகத் துன்பங்களைக் காட்டி அச்சுறுத்தினால் அச்சம் நிற்கும், அறம் நில்லாது. குழந்தையின் கண்ணில் நாம் வரவழைக்க வேண்டியது பிற உயிர்க்காகக் கசியும் ஈரமே.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பாட்டியின் கதை கைப்பேசியில் குரற்பதிவாக வருகிறது. அதில் அவர் கைகள் இல்லை. அக்கைகளைக் கண்டு வளர்ந்த தலைமுறை நம்மோடு முடிந்துவிடலாகாது. விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தையை எதிரே அமர்த்தி, இவ்வாண்டு ஒரு கதையேனும் முழுமையாகச் சொல்லுங்கள். பின்னர் அதனைக் குழந்தையின் வாயாலும் கையாலும் சொல்லச் செய்து கேளுங்கள்.

அருகன் அறம் வளர்க!