சேற்று வாடை மீனும் கடல் மீனும்: வீட்டில் சமைக்கும் பக்குவம்
(ஜலகண்டாபுரத்தில் விவசாயிகள், தாய்மார்களிடையே நிகழ்த்திய உரை)



1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்கு அருகிலேயே இருந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக மீன் உண்டு வரும் உங்களுக்கு மீன் சமைப்பதைப் பற்றிச் சொல்ல வருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் ஒரு காரணம் இருக்கிறது. பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்ப்பவர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கிறோம். "மீன் நன்றாக வளர்ந்தது, ஆனால் சேற்று வாடை அடிக்கிறது, பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவிடுகிறார்கள்" என்கிறார்கள். வளர்த்த வீட்டிலேயே உண்ணாத மீனை ஊரில் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

மீனின் வாடையில் இரண்டு வகை உண்டு. இரண்டிற்கும் காரணம் வேறு, பக்குவமும் வேறு. இதைப் பிரித்து அறியாமல் எல்லா மீனுக்கும் ஒரே மசாலாவை அள்ளிப் போடுவதால்தான் நல்ல மீனின் சுவையும் கெடுகிறது, வாடையும் போவதில்லை.

முதலில் குளத்து மீனைப் பார்ப்போம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடக்கே கங்கை முதலிய ஆறுகளுக்கு உரியவை. இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபி மீனும் 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது. விரால் நம் நாட்டு மீன். இவற்றின் சதை வெண்மையானது, சுவை மென்மையானது. இவற்றில் அடிக்கும் சேற்று வாடை மீனுடைய சொந்த வாடை அல்ல. குட்டையில் தீவனமும் சாணமும் மிகுந்து நீலப்பச்சைப் பாசி பெருகும்போது, அந்தப் பாசியும் மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கோடை மழையின் முதல் தூறலில் மண் மணக்கிறதே, அதுவும் இதே பொருள்தான்! மழையில் மணமாக இருப்பது மீனில் நாற்றமாகிவிடுகிறது. மீன் இதைச் செவுள் வழியாக ஈர்த்துக் கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

ஆகையால் வைத்தியம் குட்டையிலேயே தொடங்க வேண்டும். பிடிப்பதற்கு முதல் நாளே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். வசதி உள்ளவர்கள், பிடித்த மீனைத் தெளிந்த கிணற்றுநீர் நிரப்பிய தொட்டியில், தண்ணீரை மாற்றிக்கொண்டே நாலைந்து நாள் முதல் ஒரு வாரம் வரை உயிருடன் விட்டு வைத்தால் வாடை பெரும்பாலும் கழிந்துவிடும். தண்ணீரை உயரத்திலிருந்து விழச் செய்வது நலம். காற்றுக் குறைந்தால் மீன் செத்துப்போகும்.

அடுத்தது அடுப்படி. ஜிலேபியின் வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதைக் கல் உப்பு வைத்துத் தேய்த்து முழுவதும் எடுத்துவிடுங்கள். கொழுப்பு மிகுந்த அடிவயிற்றுச் சதையையும், வாடை அதிகமிருந்தால் தோலையும் நீக்கிவிடலாம். பிறகு துண்டுகளைப் புளித்த மோரிலோ நீர்த்த புளிக்கரைசலிலோ அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். புளிப்பு ஜியோஸ்மினை வாடையற்ற வேறு பொருளாக மாற்றக்கூடியது. நம் பாட்டிமார்கள் மோரில் கழுவியது வெறும் பழக்கம் அல்ல.

சுத்தம் செய்தபின் மென்மையான மீனுக்கு மசாலா குறைவாகவே போதும். உப்பு, மஞ்சள்தூள், மிளகு, சிறிது பூண்டு தடவிக் கால் மணி நேரம் வைத்து, கல்லில் கடலை எண்ணெய் விட்டு ஒவ்வொரு புறமும் மூன்று நான்கு நிமிடம் வாட்டினால் வெந்துவிடும். மீன் சதையில் ஆட்டுக்கறியில் இருப்பதுபோல் கெட்டியான நார் இல்லை. நேரம் கூடினால் உலர்ந்து சக்கையாகும்.

இனி கடல் மீன். பனிக்கட்டியில் வைத்துச் சேலம் வழியாக நமக்கு வரும் மத்தி, அயிலை போன்றவை கொழுப்பு மிக்கவை, உடலுக்கு மிக நல்லவை, விலையும் மலிவு. வாடைக்கு அஞ்சிப் பல வீடுகளில் இவற்றை ஒதுக்குவது வீண் நஷ்டம். கடல் மீனில் இயற்கையாக உள்ள ஒரு பொருளைக் கிருமிகள் சிதைக்கும்போது கவிச்சை வாடை எழுகிறது. புளியும் எலுமிச்சையும் அந்த வாடையை மேலெழாமல் கட்டிவைக்கின்றன. எனவே இவற்றுக்குப் புளிக்குழம்பே ஏற்றது.

ஒரு கிலோ மத்திக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, பத்துப் பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் உங்கள் வீட்டுக் கைப்பக்குவம். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும். எட்டுப் பத்து நிமிடம் போதும். கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரமே நல்லது. ஈயம் பூசாத பித்தளையில் புளி கூடாது. இந்தக் குழம்புக்கு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தொட்டுக்கொண்டால் அருமையாக இருக்கும். சேகோ ஆலைக்குப் போகும் கசப்பு ரகத்தை மட்டும் தவிர்த்து, உண்ணும் ரகத்தைத் தோல் சீவி, வேகவைத்த தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அயிலை, சூரை, மத்தி ஆகியவை பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் ஒருவகை நஞ்சு உண்டாகிறது. எவ்வளவு வேகவைத்தாலும், வறுத்தாலும், புளி சேர்த்தாலும் அது போகாது. உண்டவுடன் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். செவுள் சிவந்து, கண் துருத்தி, சதை அழுத்தினால் எழும்பும் மீனையே வாங்குங்கள். பையில் பனிக்கட்டி இல்லாமல் சந்தையைச் சுற்றிவிட்டு வீடு திரும்பாதீர்கள்.

மற்றொன்று, பித்தப்பை. ரோகு, கட்லா மீன்களின் பித்தப்பையை மருந்து என்று நம்பி விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பச்சையாகவோ வேகவைத்தோ அதை உண்ணவே கூடாது. அரியும்போது உடையாமல் எடுத்துக் குழியில் புதைத்துவிடுங்கள்.

மீதமுள்ள குடல், செதில், செவுளை வீசிவிட வேண்டாம். அதே எடை நாட்டுவெல்லத்தைப் பொடித்துக் கலந்து, மூடியுள்ள வாளியில் மூன்று நான்கு வாரம் நிழலில் வைத்து வடிகட்டினால் மீன் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து, மாலை வேளையில் கத்தரி, தக்காளிச் செடிகளுக்குத் தெளிக்கலாம். வாளியை நாய், பூனை எட்டாத இடத்தில் வையுங்கள்.